பூச்சியியல் கேள்வி–பதில்: உப்புக்காற்றுக் கரையிலிருந்து வந்த கடிதங்கள்

தொண்டி முதல் இராமேசுவரம் வரை, அங்கிருந்து சாயல்குடி வரை உள்ள கரையோர ஊர்களிலிருந்து பூச்சியியல் படிப்பு, ஆய்வு பற்றி வந்த கடிதங்களில் ஏழு இங்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

பிளஸ் டூ படிக்கிறேன். பூச்சிகளைப் பற்றிப் படித்து ஆராய்ச்சி செய்ய ஆசை. எந்தப் படிப்பில் சேர வேண்டும்? நீட் எழுத வேண்டுமா? – மாணவி, உச்சிப்புளி

நீட் வேண்டாம். பூச்சியியல் துறையின் கதவு முழுதாகத் திறப்பது முதுநிலையில்தான். அதற்குப் போக இரண்டு வழிகள் உண்டு. எந்த வழி என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள், பாதியில் மாறுவது கடினம்.

முதல் வழி வேளாண்மை. நான்கு ஆண்டு பி.எஸ்சி. (ஆனர்ஸ்) வேளாண்மை. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் உறுப்புக் கல்லூரிகளும் இதை நடத்துகின்றன. உங்களுக்குப் பக்கம் மதுரை ஒத்தக்கடையில் 1965 முதல் இருக்கும் கல்லூரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேளாண் படிப்புக்கும் பொருந்தும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். பிறகு எம்.எஸ்சி. வேளாண் பூச்சியியல், இரண்டு ஆண்டு. இப்போதுள்ள தேசியப் பாடத்திட்டப்படி மொத்தம் 70 கிரெடிட், அதில் 30 ஆய்வேட்டுக்கு மட்டும். முனைவர் பட்டத்தில் 100-க்கு 75 ஆய்வு. இந்தக் கணக்கே இந்தப் படிப்பின் தன்மையைச் சொல்லிவிடும்: நாளின் பெரும்பகுதி வயலிலும் நுண்ணோக்கியின் முன்னும்தான் கழியும்.

இரண்டாம் வழி விலங்கியல். பி.எஸ்சி., எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். சென்னை லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கொசு, உண்ணி போன்ற நோய் பரப்பிகளில் ஆர்வம் இருந்தால், புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் எம்.எஸ்சி. பொதுச் சுகாதாரப் பூச்சியியல் படிக்கலாம். அதற்கு விலங்கியல் பட்டம் போதும். ஆனால் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் முதுநிலைக்கு வேளாண்மை சார்ந்த நான்காண்டுப் பட்டம் கேட்பார்கள். விலங்கியல் படித்துவிட்டு அங்கே போய் நிற்பவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள்.

சேரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்க் கரையில் எருக்கு இல்லாத இடம் கிடையாது. ஐந்து எருக்கஞ்செடிகளைக் குறித்துக்கொண்டு வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பாருங்கள். இலையடியில் வெந்தய வண்ணத்துப்பூச்சியின் முட்டை, கருப்பு வெள்ளை மஞ்சள் வரி போட்ட அதன் புழு, தளிரில் மஞ்சள் அசுவினி, நீலமும் மஞ்சளும் கலந்த எருக்கு வெட்டுக்கிளி, பூவுக்கு வரும் கருவண்டுத் தேனீ – இந்த ஐந்தையும் செடிவாரியாக எண்ணி எழுதுங்கள். ஒன்றும் இல்லாத வாரத்தில் 'பூச்சியம்' என்று எழுதுங்கள், வெற்றிடமாக விடக்கூடாது. பூச்சியம் என்றால் பார்த்தோம், இல்லை. வெற்றிடம் என்றால் பார்க்கவே இல்லை. கச்சான் காற்றுக் காலத்திலும் மழைக்காலத்திலும் இந்த எண்கள் எப்படி மாறுகின்றன என்று ஓராண்டு பதிவு இருந்தால், எந்தத் துறையின் நேர்முகத் தேர்விலும் அதை மேசை மேல் வைக்கலாம்.

கல்லூரிச் செய்முறைக்காக 50 பூச்சிகள் சேகரித்துப் பெட்டியில் வைத்தேன். ஐப்பசி மழை முடிவதற்குள் பாதி பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஊசிகள் துருப்பிடித்துவிட்டன. மூன்று வண்டுகள் உள்ளே கூடாகிப் பொடி கொட்டுகின்றன. எங்கே தவறு? – மாணவர், இராமநாதபுரம்

ஒன்றல்ல, மூன்று தவறுகள். மூன்றும் இந்தக் கரையில் எல்லோருக்கும் நேர்பவை. கோவையில் எழுதப்பட்ட செய்முறைக் குறிப்பைக் கடற்கரையில் அப்படியே செய்தால் இப்படித்தான் ஆகும்.

பூஞ்சணம் முதலில். பூச்சி முழுதாகக் காயுமுன் மூடிய பெட்டிக்குள் போயிருக்கிறது. வெளியே தொட்டால் மொரமொரப்பாக இருக்கும், வயிற்றுக்குள் ஈரம் நிற்கும். பெரிய வெட்டுக்கிளிக்கும் காண்டாமிருக வண்டுக்கும் ஒரு வாரம்கூட ஆகலாம். மழைக்காலத்தில் நிழலில் உலர்த்துவது இங்கே நடக்காத காரியம். ஒரு மரப்பெட்டியின் அடியில் 40 வாட் குண்டு பல்பு, அதற்கு மேல் ஓர் அடி உயரத்தில் கம்பி வலைத் தட்டு, மூடியில் நான்கைந்து துளை – இவ்வளவுதான் உலர்த்தி. உள்ளே ஒரு வெப்பமானி தொங்கட்டும். 40 முதல் 45 டிகிரி வரை இருக்கலாம். அதைத் தாண்டினால் சிறகு சுருளும், காலும் உணர்கொம்பும் தொட்டாலே ஒடியும். வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி போன்றவற்றுக்கு வயிற்றின் அடிப்பக்கம் கீறிக் குடலை எடுத்துவிட்டுச் சிறிது பஞ்சு வையுங்கள். பாதி நாளில் காயும், கறுக்காது. உலர்த்தியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். இல்லையென்றால் சித்தெறும்பு ஒரே இரவில் ஊசியை மட்டும் மிச்சம் வைக்கும்.

காய்ந்தபின் பெட்டிக்குள் சிலிகா ஜெல். ஆரஞ்சு நிறம் மங்கிப் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். அடுப்பறை ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உதவும். பெட்டிக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சணம் வராது. ஏற்கெனவே பிடித்தவற்றை மெல்லிய தூரிகையால் எத்தனாலில் நனைத்துத் துடைத்து மறுபடி காயவையுங்கள். வண்ணத்துப்பூச்சியிடம் இதைச் செய்ய வேண்டாம், செதில் போய்விடும்.

துருவுக்குக் காரணம் தையல் ஊசியும் சாதாரண இரும்பு ஊசியும். கறுப்புப் பூச்சு பூசிய பூச்சியியல் ஊசியும் உப்புக்காற்றில் இரண்டு மூன்று ஆண்டில் துருவைக் கக்கும். துருவேறாத எஃகு ஊசி என்று கேட்டு வாங்குங்கள். நீளம் 38 மி.மீ., பெரும்பாலான பூச்சிக்கு 2 அல்லது 3-ஆம் எண். பித்தளை ஊசி வேண்டவே வேண்டாம். பூச்சியின் கொழுப்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு கட்டி உடலையே பிளக்கும்.

பொடி கொட்டுவது டெர்மெஸ்டிட் எனப்படும் தோல்வண்டின் புழு. உடம்பெல்லாம் முடி, அரிசியில் பாதி நீளம். நாப்தலின் உருண்டை அதை விரட்டுமே தவிர, உள்ளே புகுந்துவிட்டதைக் கொல்லாது. பெட்டியை அப்படியே இரண்டு பாலித்தீன் பைகளில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வீட்டுக் குளிர்பதனப் பெட்டி என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்கக்கூடாது. ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரட்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த பூச்சிகள் மேல் பனியாய்ப் படிந்து, பூஞ்சணக் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு பூச்சியும் பழைய பெட்டிக்குள் நுழையுமுன் இந்த உறைபனியைத் தாண்டி வரட்டும்.

கொல்லும் குப்பி பற்றியும் ஒரு சொல், ஏனெனில் பலர் கேட்டிருந்தார்கள். வாய் அகன்ற கண்ணாடிக் குப்பியில் 2 செ.மீ. உயரம் பாரிஸ் சாந்து ஊற்றி நன்றாகக் காயவிடுங்கள். அது எத்தில் அசிடேட்டை உறிஞ்சும் வரை ஊற்றி, மிஞ்சியதை வடித்துவிடுங்கள். உள்ளே நான்கைந்து மெல்லிய காகிதத் துண்டு போட்டால் பூச்சி நனையாது. இது தீப்பற்றும் திரவம். தெர்மகோலையும் பிளாஸ்டிக் டப்பாவையும் கரைக்கும். வண்டையும் வண்ணத்துப்பூச்சியையும் ஒரே குப்பியில் போடாதீர்கள். வண்டு சாவதற்குள் சிறகைக் கிழித்துவிடும். சயனைடு குப்பி பற்றிப் பழைய பாடநூல்களில் இருப்பதை மாணவர்கள் செய்து பார்க்கவே கூடாது.

ஊசி குத்தும் இடம் வரிசைக்கு வரிசை மாறும். வண்டுக்கு வலது கெட்டிச் சிறகின் மேற்பகுதியில், நாவாய்ப்பூச்சிக்கு முதுகு முக்கோணத்தில் நடுவுக்குச் சற்று வலப்பக்கம், ஈக்கும் குளவிக்கும் மார்பில் நடுக்கோட்டுக்கு வலப்புறம், வண்ணத்துப்பூச்சிக்கு மார்பின் நடுவில். வலப்பக்கம் ஊசி பட்டாலும் இடப்பக்கம் பழுதில்லாமல் இருக்கட்டும் என்பதே இந்த ஏற்பாடு. 5 மி.மீ.க்குக் குறைந்த பூச்சியைக் குத்தவே கூடாது. 8 மி.மீ. நீள முக்கோண அட்டையின் நுனியில் நீரில் கரையும் பசையால் ஒட்டுங்கள்.

புழுக்களை நேரடியாக ஆல்கஹாலில் போட்டால் கறுத்துப்போகும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழுள்ள வெந்நீரில் ஒரு நிமிடம் இட்டு, பிறகு 80 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். மறுநாள் அந்த எத்தனாலைக் கொட்டிப் புதிது ஊற்றுவதை மறப்பவர்கள் அதிகம். புழு உடலின் நீர் கலந்து அது நீர்த்துப்போயிருக்கும். தட்டானின் நிறம் நிலைக்க வேண்டுமானால், இறந்தவுடன் உடலை நேராக்கி 12 முதல் 24 மணி நேரம் அசிட்டோனில் ஊறவிட்டு எடுங்கள்.

இவ்வளவும் செய்து சீட்டு எழுதாவிட்டால் அந்தப் பூச்சி அலங்காரப் பொருள்தான். நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, நாள், பிடித்த முறை, பிடித்தவர் – எல்லாம் 18-க்கு 8 மி.மீ. சீட்டில், அமிலமில்லாத தாளில். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம். 3-5 என்றால் மே மாதமா மார்ச்சா என்ற குழப்பம் வராது. தசமத்தில் நான்கு இலக்கம் எழுதினால் இடம் சுமார் 11 மீட்டருக்குள் துல்லியமாகிவிடும். மண்டபம் என்று மட்டும் எழுதினால் வடகடல் கரையா தென்கடல் கரையா என்று யாருக்குத் தெரியும்? எந்தச் செடியில் இருந்தது என்பதை இரண்டாவது சீட்டில் எழுதுங்கள். சீட்டைப் பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போடுவது சேகரிப்பைத் தூக்கி எறிவதற்குச் சமம்.

முண்டு மிளகாயில் இலைச்சுருட்டல் பற்றி எம்.எஸ்சி. ஆய்வு. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் நிலத்தில் செய்யப்போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? – முதுநிலை மாணவி

இராமநாதபுரம் முண்டுவுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பூச்சிகளைப் பற்றி இந்த மண்ணிலேயே செய்யும் ஆய்வு மிகவும் தேவை. நல்ல தலைப்பு.

முதலில், 'இலைச்சுருட்டல்' என்று ஒரே பெயரில் மூன்று வேறு துன்பங்கள் இருக்கின்றன. இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, இலை குறுகிக் கெட்டியானால் மஞ்சள் முரணைச் சிலந்தி எனும் நுண்ணிய சிலந்திப்பேன். இலை சிறுத்து, நரம்பு வெளிறி, செடியே குட்டையாய் நின்றால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். ஒரே செடியில் மூன்றும் இருக்கலாம். சுருளுக்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டு 'இலைப்பேன் சேதம்' என்று ஆய்வேட்டில் எழுதினால் தேர்வாளர் அங்கேயே நிறுத்துவார்.

இலைப்பேனிலும் இப்போது இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நெடுங்காலமாக மிளகாயில் இருப்பது ஸ்கிர்ட்டோத்ரிப்ஸ் டார்சாலிஸ் – வெளிறிய மஞ்சள், தளிர் இலையில் இருக்கும். புதிதாக வந்தது த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ். இந்தியாவில் 2015-இல் பப்பாளியில் பதிவாகி, 2021-இல் ஆந்திர, தெலங்கானா மிளகாயைப் பெரிதாகத் தாக்கியது. இதன் பெண் கருப்பழுப்பு, கூட்டமாகப் பூவுக்குள் இருக்கும். ஆகவே இலையை மட்டும் எண்ணினால் ஒன்று விட்டுப்போகும். மனைக்கு (ஆய்வுக்காகப் பிரித்த சிறு வயல்துண்டுக்கு) பத்துச் செடி, செடிக்கு நுனியிலிருந்து மூன்று இலை, அதோடு மனைக்குப் பத்துப் பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவைக் கிள்ளியவுடன் 70 சதவீத எத்தனால் உள்ள சிறு குப்பியில் போட்டுக் குலுக்கினால் உள்ளிருப்பது எல்லாம் வெளியே வரும். அடையாளம் காண அனுப்பும் இலைப்பேனை மட்டும் 60 சதவீத எத்தனால் பத்துப் பங்கு, கிளிசரின் ஒரு பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்த கரைசலில் வையுங்கள். கால், சிறகு விறைக்காமல் விரிந்து நிற்கும், கண்ணாடித் தகட்டில் ஏற்ற எளிது.

எண்ணும் நேரம் காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள். வெயில் ஏறினால் இலைப்பேன் மொட்டுக்குள் ஒளியும், காற்று எழுந்தால் தட்டும்போதே பறந்துவிடும். சிலந்தியைக் கைலென்ஸில் எண்ண முயல வேண்டாம். இலையைப் பாலித்தீன் பையில் போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் எடுத்துப்போய், அன்றே நுண்ணோக்கியில் எண்ணுங்கள்.

மனை அமைப்பு: ஏழு சிகிச்சை (ஒப்பிடும் மருந்து அல்லது முறை), ஒவ்வொன்றுக்கும் மூன்று மறுபதிவு (அதையே வேறு மனையில் திரும்பச் செய்வது) என்றால் 21 மனை, புள்ளியியல் கணக்கில் பிழைக்கு 12 தன்விருப்பப் பாகை (degrees of freedom) கிடைக்கும். அதற்குக் குறைய வேண்டாம். மனை 5-க்கு 4 மீட்டர் இருக்கட்டும். நம் பக்கம் மானாவாரியில் விதையை நேரடியாக விதைப்பதால் செடி நெருக்கம் சீராக இராது. ஆய்வு தொடங்குமுன் கூடுதல் செடிகளைப் பிடுங்கி மனைக்கு மனை செடி எண்ணிக்கையைச் சமப்படுத்திவிடுங்கள். மனைகளுக்கிடையே இரண்டு வரிசை மருந்தில்லாமல் விடுங்கள். வாடைக்காற்றில் தெளிப்பு பக்கத்து மனைக்குப் போவது தை மாதத்தில் சாதாரணம். தெளிப்பதற்கு முதல்நாள் ஓர் எண்ணிக்கை, தெளித்தபின் 1, 3, 7, 14-ஆம் நாள். முதல்நாள் எண்ணிக்கை இல்லாத ஆய்வை எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது. எண்ணிக்கையில் பூச்சியங்கள் இருக்குமென்பதால், 0.5 கூட்டி வர்க்கமூலம் எடுத்தபின் பகுப்பாய்வு செய்யுங்கள்.

அடிக்கடி பார்க்கும் பெரிய பிழை ஒன்று: ஒரே வயலில் பத்து ஒட்டுப்பொறி வைத்துவிட்டுப் 'பத்து மறுபதிவு' என்பது. அது ஒரு வயல்தான், ஒரு மறுபதிவுதான். ஐந்து வயலில் இரண்டிரண்டு பொறி வைப்பது, ஒரு வயலில் ஐம்பது வைப்பதைவிட மேல்.

விவசாயியிடம் தொடக்கத்திலேயே பேசுங்கள். தெளிக்காத ஒப்பீட்டு மனையில் காய் குறையும், அந்த நட்டத்துக்கு என்ன ஏற்பாடு என்று சொல்லாமல் விட்டால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அவர் அதற்கும் சேர்த்து மருந்தடித்துவிடுவார். அவர் மேல் குற்றமில்லை, அது அவர் பிழைப்பு.

கடலில் பூச்சி உண்டா? மீன் உண்டு, நண்டு உண்டு, பூச்சியை யாரும் காட்டியதில்லை. – வாசகர், பாம்பன்

உண்டு. கண்மாய்த் தண்ணீரின் மேல் நீண்ட காலை ஊன்றி வழுக்கி ஓடும் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதன் உறவு ஹாலோபாட்டிஸ். நாற்பதுக்கு மேற்பட்ட இனங்களில் ஐந்து மட்டும் கரையையே காணாமல் பெருங்கடலில் பிறந்து, வளர்ந்து, மடிகின்றன. மற்றவை அலையாத்தி ஓரங்களிலும் கரையருகிலும் வாழ்கின்றன. சிறகே கிடையாது. உடல் அரை செ.மீ. அளவு, வெள்ளி மின்னும் நுண்மயிர்ப் போர்வை. அந்த மயிர்களுக்கிடையே காற்று நிற்பதால் அலை மூழ்கடித்தாலும் நனையாமல் மேலே வரும். முட்டையிட மிதக்கும் பொருள் வேண்டும்: இறகு, மரத்துண்டு, இப்போது பிளாஸ்டிக்கும்.

வள்ளத்தின் பக்கவாட்டில், வாயில் பாதி நீருக்கு மேல் நிற்கும்படி நுண்வலையைக் கட்டி மெதுவாக இழுத்தால் கிடைக்கலாம். இரவில் வாய்ப்பு அதிகம், பகலில் வலையைக் கண்டு தாவி விலகும். கச்சான் பலமாக அடித்த மறுநாள் தென்கடல் கரையிலும், வாடையில் வடகடல் கரையிலும், ஒதுங்கிய பாசி வரிசையைக் கிளறிப் பாருங்கள்.

அந்தப் பாசியே தனி உலகம். 25 செ.மீ. சதுரச் சட்டத்தைப் பத்து மீட்டருக்கு ஒன்றாக ஐந்து இடத்தில் வைத்து, உள்ளிருக்கும் பாசியை வெள்ளைத் தட்டில் உதறினால் பாசி ஈக்கள், அவற்றின் புழு, குட்டைச் சிறகு வண்டுகள் கிடைக்கும். ஈர மணலில் ஓடி ஓடி நின்று பறக்கும் புலிவண்டு, சற்று மேலே ராவணன் மீசைப் புதரடியில் குழியானையின் புனல் – இவையெல்லாம் மணலின் ஈரத்தையும் பரல் அளவையும் வைத்து இடம் பிரித்துக்கொள்கின்றன. அலைக்கோட்டிலிருந்து உள்நோக்கி 100 மீட்டர் கயிறு போட்டு, ஐந்து மீட்டருக்கு ஒருமுறை எண்ணினால் ஓர் இளநிலை ஆய்வுத்திட்டம் தயார்.

விளக்குப் பொறி வைக்க அரியமான், தனுஷ்கோடி, காரங்காடு ஆகிய இடங்களை யோசிக்கிறோம். அனுமதி வேண்டுமா? – கல்லூரி ஆய்வுக் குழு

வேண்டும், இடத்துக்கு ஏற்றபடி. தனியார் நிலம் என்றால் உடைமையாளர் சம்மதம் போதும். காப்புக்காடு, பறவைகள் சரணாலயம், அலையாத்திக் காடு என்றால் வனத்துறை எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு எறும்பைக்கூட எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்குள் கால் வைப்பதே அனுமதிக்கு உட்பட்டது. சில வண்ணத்துப்பூச்சிகளும் வண்டுகளும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. படம் எடுக்கலாம், பிடிக்கக்கூடாது. விண்ணப்பத்தில் 'பூச்சிகள்' என்று பொதுவாக எழுதினால் திரும்பி வரும். எந்த வரிசை, இடத்துக்கு எத்தனை, எந்தக் கருவி, மாதிரிகள் எங்கே வைக்கப்படும் என்று எழுதுங்கள். வெளிநாட்டு ஆய்வாளருக்கு மாதிரி அனுப்ப வேண்டியிருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்தபின்தான் தபாலுக்குப் போக வேண்டும்.

பொறி வைக்கும்போது 6-க்கு 4 அடி வெள்ளைத் துணி, 160 வாட் பாதரச விளக்கு, அமாவாசையை ஒட்டிய ஐந்தாறு இரவுகள், மாலை ஆறரை முதல் பத்து. நிலவு முழுதாய் இருக்கும் இரவில் வரவு மிகக் குறையும். கடற்காற்றை மறைக்கச் சவுக்குத் தோப்பு அல்லது தாழம்புதரின் உட்பக்கம் கட்டுங்கள். முக்கியமாக, தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். கடல் பார்த்த வெளிச்சம் குஞ்சுகளைத் திசைமாற்றித் தரைப்பக்கம் இழுத்துவிடும். அந்த மாதங்களில் கரையோரத்தில் விளக்குப் பொறியே வைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இராமேசுவரத்தில் கிணறு, தொட்டிகளில் கொசுப்புழு ஆய்வு செய்கிறேன். ஒரே கிணற்றில் ஒருநாள் முப்பது, மறுநாள் இரண்டு என்று வருகிறது. – விலங்கியல் மாணவர்

கொசு குறையவில்லை, உங்கள் நிழல் முன்னால் போயிருக்கிறது. நிழல் விழுந்தாலும் நீர் அசைந்தாலும் புழு அடிக்குப் போய்விடும். சூரியனை எதிர்நோக்கி நின்று, இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் காத்திருந்து, 350 மி.லி. அகப்பையை 45 பாகையில் சாய்த்து மேற்பரப்பை அள்ளுங்கள். ஓர் இடத்தில் பத்து அள்ளல், ஒவ்வொன்றுக்கும் நடுவே நீர் அமைதியாகட்டும். கிணற்றுக்கு அகப்பை ஆகாது. கயிறு கட்டிய வாளியைச் சுவரோரமாக இறக்கி அள்ளுங்கள். ஆழத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.

நீருக்குக் கிடையாக மிதந்தால் அனோபிலஸ், மூச்சுக்குழாயைத் தூக்கித் தலைகீழாய்ச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். முதல் இரண்டு பருவப் புழுக்களை ஒரு கட்டத்திலும், மூன்று நான்காம் பருவத்தை இன்னொன்றிலும், கூட்டுப்புழுவைத் தனியாகவும் எழுதுங்கள். கூட்டுப்புழு இருந்தால்தான் அந்தத் தொட்டி உண்மையில் கொசுவைத் தருகிறது என்று சொல்ல முடியும். உப்பளவையும் அளந்து எழுதுங்கள். கியூலெக்ஸ் சிட்டியன்ஸ் போன்றவை உவர்நீரிலேயே வளரும்.

உங்கள் தீவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அனோபிலஸ் கியூலிசிஃபேசிஸ் என்பது கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் ஐந்து உடன்பிறப்பு இனங்கள். அவற்றில் 'ஈ' என்ற ஐந்தாவது இனம் 1999-இல் இராமேசுவரம் தீவுக் கொசுக்களிலிருந்துதான் பிரித்தறியப்பட்டது. மலேரியாவைப் பரப்புவதில் 'பி' மந்தம், 'ஈ' வல்லது. குரோமோசோம் அல்லது டி.என்.ஏ. பார்க்காமல் இனப்பெயரை முடிவாக எழுத வேண்டாம், 'கியூலிசிஃபேசிஸ் கூட்டம்' என்று எழுதுவதே சரி. வளர்த்துப் பார்க்கும் புழுக்களை வலைமூடியிட்ட பாத்திரத்தில் வையுங்கள், ஒன்றுகூட வெளியே போகக்கூடாது.

பிடித்த பூச்சிக்குப் பெயர் தெரியவில்லை. டி.என்.ஏ. பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்கள். சரியா? – ஆய்வு மாணவர், தொண்டி

பாதி சரி. சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவின் 658 எழுத்துத் துண்டைப் படித்து, ஏற்கெனவே பதிந்துள்ளவற்றோடு ஒப்பிடுகிறார்கள். உங்கள் பூச்சியின் துண்டு அங்கே யாராலும் பதியப்படவில்லை என்றால், பக்கத்து உறவின் பெயரைக் காட்டும். அதை அப்படியே எழுதிவிட்டால் தவறு அச்சில் ஏறிவிடும். ஆகவே உடலமைப்பு வழி அடையாளமும் சேர்ந்தே வேண்டும்.

டி.என்.ஏ.வுக்கு எடுக்கும் பூச்சியை எத்தில் அசிடேட் குப்பியில் கொல்லாதீர்கள், மரபணு சிதைந்துவிடும். உயிரோடு 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். சோதனைக்கு ஒரு நடுக்காலை மட்டும் எடுங்கள். உடலை ஊசியில் ஏற்றிக் கால் வைத்த குப்பியின் எண்ணையே சீட்டிலும் எழுதுங்கள். வரிசை மட்டும் மிஞ்சி உடல் தொலைந்தால் பிறகு யாரும் சரிபார்க்க முடியாது.

வேளாண் பூச்சிகள், ஒட்டுண்ணிக் குளவிகள், இலைப்பேன் என்றால் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கும், மற்றவற்றுக்கு இந்திய விலங்கியல் அளவைத் துறைக்கும் எழுதலாம். கொத்தாக முந்நூறு பூச்சியை அனுப்பிப் 'பெயர் சொல்லுங்கள்' என்று கேட்காதீர்கள். நீங்களே குடும்பம் வரை பிரித்து, இனத்துக்கு ஆண், பெண் சேர்த்து ஐந்தாறு நல்ல மாதிரிகள், முழுச் சீட்டோடு, முன்கூட்டி எழுதிக் கேட்டபின் அனுப்புங்கள். ஊசியில் ஏற்றிய பூச்சி என்றால் சிறு பெட்டியில் ஊசியை அழுத்தமாகப் பதித்து, இருபுறமும் குறுக்கு ஊசி கொடுத்து, அந்தப் பெட்டியை ஐந்து செ.மீ. பஞ்சு அல்லது உமி சுற்றிய பெரிய பெட்டிக்குள் வையுங்கள். ஒரு வண்டு கழன்று உருண்டால் பெட்டியில் உள்ள மற்ற எல்லாவற்றின் உணர்கொம்பையும் ஒடித்துவிட்டுத்தான் போய்ச் சேரும்.